இன்னொரு செயலி வேண்டாம், ஒரு பாடவேளை போதும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உயர் அலுவலர்கள்,
மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். கற்பித்தலுக்கும் மாணவர்களின் ஆய்வுகளுக்கும் பயன்படக்கூடிய இணையக் கருவிகளைத் தேடிப் பார்ப்பதும், பயன்படுத்திப் பார்த்துத் தேறியவற்றை ஆசிரியர்களுக்குச் சொல்வதும் சில ஆண்டுகளாக என் வேலையின் பெரும்பகுதி ஆகிவிட்டன. இது யாரும் எழுத்தில் ஒப்படைத்த வேலையன்று. நூலகத்துக்கு வருவோர் கேட்கும் கேள்விகள் அலமாரியைத் தாண்டிப் போனபோது நானும் தாண்டிப் போக வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைத் துறையின் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். நம் பள்ளிகளுக்கு இப்போது தேவைப்படுவது இன்னொரு செயலியோ இன்னொரு இணையதளமோ அன்று. இருப்பவற்றைத் தேர்ந்து, சரிபார்த்து, மாணவரிடம் கொண்டுசேர்க்கும் ஓர் ஆளும், அதற்கென வாரத்தில் ஒரு பாடவேளையும், அந்த வேளையில் திறந்திருக்கும் ஒரு கணினி அறையுமே.

துறை எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2018-19 கல்வியாண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வந்தது. இவற்றுக்கு முன்பே 2017இல் மத்திய அரசின் தீக்ஷா என்ற மின்பாடத் தளம் வந்திருந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினிகள் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் பாடநூலின் பக்கத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது, அதைப் படிக்கும் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர மாணவருக்கு அனுமதி இல்லை. கைப்பேசியைத் தடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. அப்படியானால் அந்தக் குறியீடு எங்கே, யாருடைய மேற்பார்வையில், எந்த நேரத்தில் திறக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கும் பள்ளிக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். வீட்டில் அப்பாவின் கைப்பேசி இரவு எட்டு மணிக்கு மேல்தான் கிடைக்கும் என்று சொல்லும் பிள்ளைகளே என் பள்ளியில் மிகுதி. அதுவும் அண்ணனோ தங்கையோ கேட்காத நாளில்தான்.

அந்த விடை நூலகமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக எங்கள் மாணவியர் சிலர் தாமிரபரணியின் அணைக்கட்டுகளைப் பற்றி ஆய்வுத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டனர். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருப்பதும், கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது என்பதும், மற்றவை அதற்கு முந்தியவை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. கன்னடியன் கால்வாயைப் பற்றிப் பசு நடந்த வழியே வெட்டப்பட்டது என்று ஊரில் சொல்லும் கதையும் தெரியும். இதற்கு மேல் எங்கே தேடுவது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் அலமாரியில் இது பற்றி ஒரு நூலும் இல்லை.

இணைய ஆவணக் காப்பகத்தில் (இன்டர்நெட் ஆர்கைவ்) 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) முழுவதும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பாசனத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் தளத்தில் ஆற்றின் போக்கையும் கால்வாய்கள் பிரியும் இடங்களையும் செயற்கைக்கோள் படமாகப் பார்க்கலாம். இவை எதற்கும் கட்டணம் இல்லை. ஒரு மாணவி புவனில் தன் ஊர்க் கால்வாயைத் தலைமதகிலிருந்து விரலால் பின்தொடர்ந்து வந்து, தன் தாத்தாவின் வயலுக்குச் சற்று முன்பே அது கட்டடங்களுக்கிடையே மறைந்துபோவதைக் கண்டுபிடித்தாள். அன்று முதல் அவர்களுடைய ஆய்வுக் கேள்வியே மாறிவிட்டது. கால்வாய் எப்போது வெட்டப்பட்டது என்பதை விட்டுவிட்டு, கடைமடைக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள்.

விவரச்சுவடி ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் தமிழ் வழியில் படிப்பவர்கள். ஆங்கில ஆசிரியை இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுத்து உடன் அமர்ந்தார். பொருளடக்கத்தைப் பார்த்துத் தேவையான பக்கத்துக்குப் போவது, ஸ்கேன் செய்த நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடுவது, எடுத்த பக்கத்தின் எண்ணையும் நூல் வெளியான ஆண்டையும் அப்போதே குறித்துக்கொள்வது ஆகிய மூன்றையும் நான் கற்றுக்கொடுத்தேன். இதில் எந்தக் கருவியும் புதிதன்று. அந்தக் கருவிக்கும் அந்தக் கேள்விக்கும் இடையே பாலம் போட ஒருவர் தேவைப்பட்டார் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

இதே திட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. மாணவியருள் ஒருத்தி வீட்டிலிருந்து, செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்று எழுதித் தந்த நான்கு பத்திகளை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். தமிழ் சரளமாக இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் அது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பாண்டியர் கட்டியதாகச் சொன்னது. அதற்குச் சான்றாக ஒரு பல்கலைக்கழக வெளியீட்டின் பெயரையும் பக்க எண்ணையும் தந்தது. அந்தப் பெயரில் ஒரு நூலை நாங்கள் தேடிய எந்த நூலகப் பட்டியலிலும் காண முடியவில்லை. நான் அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ஓரத்தில் “எங்கிருந்து?” என்று எழுதச் சொன்னேன். விவரச்சுவடியிலோ கல்வெட்டுத் தொகுதியிலோ வேறு நம்பகமான மூலத்திலோ கிடைத்தவற்றுக்கு மட்டும் அந்த இடத்தைப் பக்க எண்ணால் நிரப்பினார்கள். ஓரம் பெரும்பாலும் வெறுமையாகவே நின்றது. செயற்கை நுண்ணறிவைத் தடை செய்வதா, வரவேற்பதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தடை பள்ளி வாசலோடு நின்றுவிடும். சரிபார்க்கும் பழக்கம் வீடு வரை போகும். இதை எந்தப் பாடத்தின் ஆசிரியர் கற்றுக்கொடுப்பது? வரலாற்று ஆசிரியருக்குப் பாடம் முடிக்க வேண்டும், கணினி ஆசிரியருக்கு நிரலாக்கம் முடிக்க வேண்டும். மூலத்தைத் தேடிச் சரிபார்ப்பது நூலகரின் தொழில். அதற்கெனப் படித்துப் பட்டம் பெற்றுத்தான் நாங்கள் இந்த வேலைக்கு வருகிறோம்.

கற்பித்தல் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர்கள் பலர் எனக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள். பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பகுதியிலேயே கணித மென்பொருளான ஜியோஜீப்ராவும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற அறிவியல் செயல்விளக்கங்களும் இடம்பெறுகின்றன. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் தொடரிணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் மங்குவதையும், பக்க இணைப்பில் மங்காமல் இருப்பதையும் திரையில் ஒரு மாணவன் தானே கம்பியை இழுத்து மாட்டிப் பார்த்த பிறகு, கரும்பலகையில் எழுதிய வாய்ப்பாடு அவனுக்கு அந்நியமாக இருப்பதில்லை. ஆனால் அச்சான முகவரிகள் நிலைப்பதில்லை. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது அதை நம்பியிருந்த செயல்விளக்கங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அவற்றின் இடத்தில் எது வந்திருக்கிறது, எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்று ஆண்டுதோறும் பார்த்து மாற்றி வைப்பவர் ஒருவர் வேண்டும். பழைய நூலில் கிழிந்த பக்கத்தை ஒட்டுவது போன்ற வேலைதான் இது. சுவையற்றது, ஆனால் செய்யாவிட்டால் நூல் போய்விடும்.

இணைய இணைப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் உள்ள பள்ளிகளில் இணைப்பு இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இணைப்பு இல்லாமலேயே பெரும்பகுதி வேலை நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக ஒரே கோப்பாக இறக்கி, ஆய்வகத்தின் வழங்கிக் கணினியில் (சர்வர்) வைத்துவிட்டால் அங்குள்ள எல்லாக் கணினிகளிலும் இணையம் இல்லாமலே அதைப் படிக்கலாம். ஃபெட் செயல்விளக்கங்களையும் இறக்கி வைத்துக்கொள்ள முடியும். 1998இல் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய மின்னூல்கள் மிகச் சிறிய கோப்புகள். சங்க இலக்கியம் முழுவதும் ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் தமிழ்க் கதைகளைப் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின்படி அச்சிட்டு ஆறாம் வகுப்புக்குக் கொடுக்கலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஈழத்து வெளியீடுகளை ஆவணப்படுத்த 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில், நம் பாடநூலில் பெயரளவில் வரும் ஈழத்து எழுத்தாளர் பலரின் படைப்புகளைக் காணலாம். இந்தக் கோப்புகளை எல்லாம் ஒரு முறை சேர்த்து வைக்க ஒருவருக்கு ஒரு வார வேலை போதும். மாவட்டத்துக்கு ஒருவர் செய்தால் பள்ளிதோறும் படியெடுத்துக் கொடுக்கலாம். ஆனால் ஆய்வகக் கணினிகளில் எதையும் நிறுவுவதற்குப் பள்ளிக்கு உரிமை இல்லாத இடங்களும், தேவையற்ற தளங்களைத் தடுக்க வைத்த வடிகட்டியே மேலே சொன்ன ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துத் தடுக்கும் இடங்களும் உண்டு. தடுக்கும் பட்டியலை எழுதுவோரிடம் திறக்க வேண்டிய பட்டியலையும் கொடுக்க வேண்டும். அதை எழுதித் தர நூலகர்களால் முடியும்.

தமிழில் தேடுவதற்குத் தனித் தொல்லை உண்டு. ஸ்கேன் செய்து ஏற்றிய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை வெறும் படங்கள். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. தட்டச்சு செய்த கோப்புகளிலும், ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களில் அமைந்தவற்றில் “கால்வாய்” என்று தேடினால் ஒன்றும் வராது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குப் பொருளற்ற குறிகளாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆணையின்படி பாடநூல்களின் மின்வடிவங்கள், வினாத்தாள்கள், சுற்றறிக்கைகள் அனைத்தையும் தேடக்கூடிய ஒருங்குறி வடிவில் வெளியிட்டாலே போதும். ஓர் ஆசிரியர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை “ஒளிச்சேர்க்கை” எங்கெங்கே வருகிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்து, எதை முன்பே கற்றிருக்கிறார்கள், எதைப் புதிதாகச் சொல்ல வேண்டும் என்று திட்டமிடலாம். செலவில்லாத சீர்திருத்தம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுவே.

கருவிகளைத் தேர்வதில் நான் முதலில் பார்ப்பது, மாணவர் கணக்குத் தொடங்காமல் அதைப் பயன்படுத்த முடியுமா என்பதை. முடியாது என்றால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் பெரும்பாலும் இதற்குள் அடங்குவர். நல்லெண்ணத்தோடு வகுப்பு முழுவதையும் ஏதோ ஒரு வினாடிவினாத் தளத்தில் கைப்பேசி எண்ணோடு பதிவுசெய்ய வைக்கும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்படி ஒரு தளம் கல்வியாண்டின் நடுவில் இலவசப் பயன்பாட்டை நிறுத்திக் கட்டணம் கேட்டபோது, அதில் சேர்த்து வைத்த வினாக்களையும் மதிப்பெண்களையும் எங்கள் பள்ளியில் மீட்க முடியாமல் போனது. தரவை வெளியே எடுக்க முடியுமா என்பது அதன் பிறகு நான் பார்க்கும் இரண்டாவது செய்தி. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களை நான் வாங்குவதுமில்லை, அனுப்புவதுமில்லை; இதனால் சக ஆசிரியர் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. நாட்டுடைமை நூல்களும் காப்புரிமைக் காலம் கடந்த நூல்களும் இவ்வளவு திறந்து கிடக்கும்போது அந்த வழி எதற்கு?

உயர்கல்வியின் நிலைமை வேறு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 சனவரி முதல் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பள்ளிகள் அதில் இல்லை. பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் கணிசமானோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடுகளையும், கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களையும் காட்டிச் சமாளிக்கிறோம். இதை இங்கே ஒரு குறிப்பாக மட்டும் வைக்கிறேன்; என் வேண்டுகோள் இதுவன்று.

ஆளைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள்களும் இதழ்களும் கதை நூல்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் இருக்க வேண்டும் என்கிறது. நூலகர் என்ற சொல் அங்கே இல்லை. அதன் விளைவு கண்கூடு. அரசுப் பள்ளிகள் மிகப் பலவற்றில் நூலகம் ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பாக, அவருடைய வகுப்புகளுக்கும் பள்ளித் தகவல்களை ஏற்றும் எமிஸ் தளத்தின் பதிவுகளுக்கும் இடையே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் அப்படிப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளில் என்னிடம் வந்து, நான் தொகுத்த இணைப்புகளைப் படியெடுத்துச் செல்கிறார். ஆர்வத்தில் அவர் எனக்கு மேல்; அவருக்கு இல்லாதது நேரம் மட்டுமே. எல்லாப் பள்ளிகளிலும் உடனே நூலகர் பணியிடம் உருவாக்க நிதி இடம் தராது என்பது எனக்குத் தெரியும். எனவே இப்போதைக்கு அதைக் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன் என்றும் பொருள் கொள்ள வேண்டாம்.

இப்போது கேட்பது இவ்வளவே. வகுப்புக் கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று எழுதப்பட்டிருக்கும் வேளை, தேர்வு நெருங்கும்போது கணக்குக்கோ அறிவியலுக்கோ கைமாறாமல் இருக்கத் தெளிவான ஆணை வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் அந்த வேளை கணினி ஆய்வகத்தில் நடக்க வேண்டும். அந்நேரத்துக்கு ஆய்வகத்தின் திறவுகோலும் கடவுச்சொல்லும் நூலகரிடமோ நூலகப் பொறுப்பாசிரியரிடமோ இருக்க வேண்டும். பொறுப்பாசிரியருக்கு வாரத்தில் இரண்டு வகுப்புகளாவது குறைக்கப்பட வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் பணியிடைப் பயிற்சிகளில் தேடுதல், சரிபார்த்தல், உரிமங்கள், மாணவர் தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கென நூலகப் பொறுப்பாளர்களுக்குத் தனி அமர்வு வேண்டும். அதைக் கருவி விற்போர் நடத்தக் கூடாது, கருவியைப் பள்ளியில் பயன்படுத்துவோர் நடத்த வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகங்களுக்கென ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை வகுக்கப்பட்டிருக்கும் மானியத்தில் நான் கை வைக்கச் சொல்லவில்லை. அது அச்சு நூல்களுக்கே போகட்டும். மேலே சொன்ன கருவிகளில் எதுவும் விலைக்கு வாங்குவதன்று.

புதிய தளம் ஒன்றை உருவாக்கும் திட்டம் துறையிடம் இருக்குமானால், அதைத் தொடங்குமுன் பத்துப் பள்ளிகளின் நூலக அறைகளில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து, பிள்ளைகள் எதைத் தேடுகிறார்கள், எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்க்க ஓர் அலுவலரை அனுப்புமாறு வேண்டுகிறேன். அவர்கள் தேடுவதில் பெரும்பாலானவை ஏற்கெனவே எங்கோ இருக்கின்றன என்பதை அவர் ஒரே நாளில் கண்டுகொள்வார்.

வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் நான் சரிபார்த்து வைத்திருக்கும் கருவிகளின் பட்டியலையும், இணையமின்றிப் பயன்படுத்துவதற்கான கோப்புகளையும், ஆய்வக வடிகட்டியில் திறக்க வேண்டிய தளங்களின் வரிசையையும் எந்தப் பள்ளிக்கும் எந்த அலுவலகத்துக்கும் கேட்ட உடனே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கால அட்டவணை முடிவாகிவிடும். அதன் பிறகு ஒரு பாடவேளையை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தலைமையாசிரியராக இருந்து வந்த அலுவலர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே நூலகப் பாடவேளையையும் ஆய்வகத்தையும் பற்றிய ஆணை மே மாத இறுதிக்குள் பள்ளிகளுக்கு வந்து சேருமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.